ஒப்பந்தம் புதுதில்லியில், நிறைவேற்றம் லயத்தில்

சர்வதேச உறவுகள் என்பது அரசுகளுக்கிடையிலான விவகாரம். எல்லை, படை, வணிகம், உடன்படிக்கை ஆகியவையே அதன் பாடப்பொருள். அப்படியிருக்க, புலம்பெயர்ந்தோரின் அடையாளத்தையும் மக்களின் அன்றாட வாழ்க்கையையும் அரசியல் கோட்பாட்டாளர்கள் ஏன் அதற்குள் கொண்டுவருகிறார்கள், அவை சமூகவியலுக்கும் மானிடவியலுக்கும் உரியவை அல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. கையில் கிடைத்த எதற்கும் "அன்றாடம்" என்று பெயர் சூட்டிவிடும் கட்டுரைகளைப் படித்தவர்களுக்கு இந்த ஐயம் வராமல் இருந்தால்தான் வியப்பு. ஆயினும், ஓர் உடன்படிக்கையை அரசுகளின் கணக்கில் மட்டும் வைத்துப் படித்தால் அது ஏன் அப்படி முடிந்தது என்பதே விளங்காமல் போகும் சந்தர்ப்பங்கள் உண்டு. அவற்றுள் நமக்கு மிக அருகில் உள்ளதை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்: 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் புதுதில்லியில் செய்துகொண்ட ஒப்பந்தம்.

பாடநூல் முறையில் அதைச் சொல்வதானால் இரண்டு பத்திகள் போதும். 1962-இல் சீனாவிடம் தோற்ற இந்தியாவுக்கு அண்டை நாடுகளின் நல்லெண்ணம் தேவைப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் இந்திய–சீனப் பிணக்கைத் தீர்க்க அணிசேரா நாடுகளின் மாநாட்டைக் கொழும்பில் கூட்டியவர் சிறிமாவோ. 1964 மே மாதம் நேரு மறைந்தார். புதிதாகப் பதவியேற்ற சாஸ்திரி, நீண்டகாலமாக இழுபட்டுக்கொண்டிருந்த ஒரு சிக்கலைத் தீர்த்துவைத்தவர் என்ற பெயரை விரும்பியிருக்கக்கூடும். இலங்கையில் வாழ்ந்த, இரு நாட்டுக் குடியுரிமையும் இல்லாத இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்டது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

அந்த எஞ்சிய ஒன்றரை லட்சத்தை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாக, ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். 15 ஆண்டுகளில் எல்லாம் முடிந்துவிட வேண்டும். இரு அரசுகளும் விட்டுக்கொடுத்தன, இரு அரசுகளும் பெற்றுக்கொண்டன. ராஜதந்திரத்தின் வெற்றி என்று பாடத்தை முடித்துவிடலாம்.

ஆனால் அது 15 ஆண்டுகளில் முடியவில்லை. 2003 வரை, அதாவது ஏறத்தாழ 40 ஆண்டுகள் இழுத்தது. ஒரு பகுதி இன்னும் தமிழ்நாட்டு முகாம்களில் முடியாமலே கிடக்கிறது. ஏன் என்ற கேள்விக்குத் தில்லியிலும் கொழும்பிலும் விடை தேடுவோர், ஆட்சிமாற்றங்களையும் போரையும் சுட்டிவிட்டு நின்றுவிடுகிறார்கள். மற்ற பாதி விடை நுவரெலியா, ஹட்டன், பதுளை மலைச்சரிவுகளில் இருந்த லயங்கள் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான காம்பராக்களில், அதாவது ஒற்றை அறைகளில், இருக்கிறது.

முதலில் அந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேர் எப்படி "நாடற்றவர்" ஆனார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பிக்காகவும், 1869-க்குப் பின் இலைநோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலைக்காகவும், தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மூலம் கொண்டுவரப்பட்டவர்கள் இவர்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களில் பலர் வழியிலேயே இறந்தார்கள். பிரிட்டிஷ் பேரரசு என்ற ஒரே கூரைக்குள் நடந்த நகர்வு என்பதால் அப்போது எவரும் அவர்களிடம் நீ எந்த நாட்டவர் என்று கேட்கவில்லை. 1947 தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது, வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு இவர்களின் வாக்கு உதவியது. விடுதலை பெற்ற அதே ஆண்டில் இயற்றப்பட்ட 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. 1949-இல் தேர்தல் சட்டத்தைத் திருத்திக் குடிமக்களுக்கே வாக்குரிமை என்றாக்கியதும், ஒரு முழுச் சமூகம் வாக்காளர் பட்டியலிலிருந்து காணாமல் போயிற்று. இதை எதிர்த்த ஒரு வழக்கு, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953-இல் தோற்றது.

இந்த இடத்தில்தான் அரசியல் கோட்பாடு தேவைப்படுகிறது. அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட், இரு உலகப் போர்களுக்கு இடையே ஐரோப்பாவில் நாடிழந்தவர்களின் நிலையை ஆராய்ந்து, மனித உரிமைகள் எல்லா மனிதருக்கும் உரியவை என்று சொல்லப்பட்டாலும், ஏதாவது ஓர் அரசியல் சமூகத்தில் உறுப்பினராக இல்லாதவருக்கு அவற்றைக் கோரும் இடமே இல்லாமல் போகிறது என்றார். உரிமைகளைப் பெறுவதற்கான உரிமையே முதன்மையானது என்பது அவர் வாதம். அவர் இதை எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இலங்கை மலைநாட்டில் அது சட்டமாகிக்கொண்டிருந்தது. ஒரு வேறுபாட்டை மட்டும் குறிக்க வேண்டும். அரென்ட் எழுதியவர்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள். மலையகத் தொழிலாளர்களோ ஓர் அடிகூட நகரவில்லை. காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, பேர் போட்டு, கொழுந்து பறித்து, மாலையில் நிறுத்துக் கொடுத்துவிட்டு அதே லயத்துக்குத் திரும்பினார்கள். நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பகுதி அவர்கள் பறித்த கொழுந்திலிருந்தே வந்தது. அவர்களின் உழைப்புக்கு நாட்டில் இடமிருந்தது, ஆட்களுக்குத்தான் இடமில்லை.

1949-இல் ஒரு சிறு கதவு திறந்துவைக்கப்பட்டது. இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டத்தின்படி, மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடைவிடாமல் இலங்கையில் வசித்ததை நிரூபித்தால் பதிவுக் குடியுரிமை கோரலாம். ஒரே தடவையில் 12 மாதங்களுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கருதப்படும். மணமான ஆண் விண்ணப்பித்தால் அவருடைய மனைவியும் இடைவிடாமல் அங்கே வசித்திருக்க வேண்டும். இவற்றைச் சட்ட மாணவர் படித்தால் வெறும் நிபந்தனைகள். தோட்டத்தில் வைத்துப் படித்தால் ஒவ்வொன்றும் ஒரு குடும்பச் சம்பவத்தைத் தொடும். தாய் இறந்த செய்தி கேட்டு ஊருக்குப் போனவர், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவி, குலதெய்வத்துக்கு நேர்ந்த கடனை முடிக்கப் போய் நோய் கண்டு தங்கிவிட்டவர் என்று எத்தனையோ பேர். திருச்சி, சேலம், புதுக்கோட்டை மாவட்டங்களில் இருந்த உறவுகளோடு தொடர்பைப் பேணியதே அவர்கள் இலங்கையில் நிலையாகத் தங்கும் எண்ணமில்லாதவர்கள் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மாதம் சில ரூபாய்கள் ஊருக்கு அனுப்பிய மணியார்டர் ரசீதும் ஒருவருடைய குடியுரிமைக்கு எதிரான சாட்சியமாகலாம். இவ்வளவுக்கும் தோட்டத்தில் பிறப்பைப் பதிந்து சான்றிதழ் வைத்துக்கொள்ளும் வழக்கம் குறைவு, எழுத்தறிவும் குறைவு. சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஒரு பத்தாண்டுக்கு மேல் விசாரித்த பிறகு குடியுரிமை பெற்றவர்கள் 1,34,000 பேர் அளவிலேயே இருந்தார்கள்.

புலம்பெயர் அடையாளம் என்பதைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பொதுவாக நாம் நினைப்பது, மக்கள் தாயகத்தை விட்டு வருகிறார்கள், அதன் நினைவு அவர்களிடம் தங்குகிறது, அந்த நினைவே அடையாளமாகிறது, பிறகு அரசுகள் அதைப் பயன்படுத்தவோ அடக்கவோ செய்கின்றன என்ற வரிசை. இங்கே வரிசை தலைகீழாக இருக்கிறது. ஒரு தோட்டத்துக் குடும்பத்துக்கு ஊரோடு இருந்த உறவு, தென்தமிழகத்தின் எந்தக் குடும்பத்துக்கும் பக்கத்து மாவட்டத்தோடு இருக்கக்கூடிய உறவுதான்: கல்யாணம், சாவு, காது குத்து, கடன். அந்த உறவை எடுத்து "நீ இந்தியன்" என்று எழுதியது அலுவலகக் கோப்பு. இந்தியாவோ அப்படி எழுதியதை நெடுங்காலம் ஏற்க மறுத்தது. கடல்கடந்து குடியேறிய இந்தியர்கள் அந்தந்த நாட்டோடு தங்களை இணைத்துக்கொள்ள வேண்டும், இலங்கையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இலங்கையே பொறுப்பு என்பது நேருவின் நிலை. அதே சமயம் இந்திய அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு, பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருந்தால் வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியத் தூதரகத்தில் பதிந்து குடிமகனாகலாம் என்று வழி வைத்திருந்தது. ஆக, ஒருவர் இந்தியர் ஆவதும் ஆகாததும் அவர் எந்த அலுவலகத்தின் வரிசையில் போய் நின்றார் என்பதைப் பொறுத்தது. புலம்பெயர் சமூகம் என்பது முன்பே இருந்து அரசுகளால் கண்டெடுக்கப்பட்ட ஒன்றென்று இதைப் பார்த்த பிறகும் சொல்வது கடினம்.

இனி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த விதம். தோட்ட மக்களின் பிரதிநிதிகள் எவரும் அதில் கையொப்பமிடவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மக்கள்தொகைகளைப் பேச்சுவார்த்தை மேசையில் பிரித்துக்கொள்வது 20-ஆம் நூற்றாண்டில் புதிதன்று. 1923-இல் கிரேக்கமும் துருக்கியும் லொசானில் மத அடிப்படையில் கட்டாய மக்கள் பரிமாற்றம் செய்துகொண்டன. அதனோடு ஒப்பிட்டால் 1964 ஒப்பந்தம் மென்மையானதாகத் தோன்றும்: யாரையும் இழுத்துப் போய்க் கப்பலில் ஏற்றவில்லை, விருப்பத்தின் பேரில் விண்ணப்பம் கேட்டார்கள். போகும் நாள் வரை வேலையில் இருக்கலாம், சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் எடுத்துப் போகலாம், ஒரு குடும்பம் கொண்டுசெல்லும் சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்றெல்லாம் உறுதிகள் இருந்தன. ஆனால் எண்ணிக்கை முதலிலேயே முடிவாகிவிட்டது. இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று கணக்கை எழுதிவிட்டு, பிறகு ஆட்களிடம் விருப்பத்தைக் கேட்டார்கள்.

விருப்பம் கணக்கோடு பொருந்தவில்லை. 1968 மே முதல் 1970 ஏப்ரல் வரை விண்ணப்பங்கள் பெறப்பட்டன. இந்தியாவுக்கு 5,25,000 பேர் போக வேண்டும் என்பது ஒப்பந்தம்; இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் சுமார் 4 லட்சம் பேர். இலங்கைக்கு ஒதுக்கப்பட்டது 3 லட்சம் இடங்கள். கேட்டவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். இரண்டு இறைமையுள்ள அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கையை, எழுதத் தெரியாத பலர் உட்பட, தோட்டத் தொழிலாளர்கள் விண்ணப்பப் படிவத்தைக் கொண்டே தடுமாற வைத்துவிட்டார்கள். ஊர்வலமோ உண்ணாவிரதமோ இல்லை. ஒவ்வொரு குடும்பமும் லயத்தில் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவுகளின் கூட்டுத்தொகை அது. சர்வதேச உறவுகளில் செயல்படுவோர் யார் என்ற கேள்விக்கு அரசுகள் என்று மட்டும் பதில் எழுதும் மாணவர், இந்த ஆறு லட்சத்தை எந்த நெடுவரிசையில் எழுதுவார் என்று கேட்கத் தோன்றுகிறது.

அரசுகள் அதற்குச் செய்த பதில் இன்னும் கவனிக்கத்தக்கது. 525-க்கு 300 என்பது ஏழுக்கு நான்கு. ஏழு பேர் இந்தியர் கணக்கில் சேர்ந்தால் நான்கு பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்கும். டட்லி சேனநாயக்க அரசின் 1967-ஆம் ஆண்டு நடைமுறைப்படுத்தும் சட்டத்தில், ஏழு பேர் இந்தியக் குடியுரிமை பெற்றாலே போதும் என்றிருந்தது. சிறிமாவோ மீண்டும் பதவிக்கு வந்த பின் 1971-இல் அதைத் திருத்தி, அந்த ஏழு பேரும் உண்மையில் கப்பலேறி நாட்டை விட்டுப் போயிருக்க வேண்டும் என்றாக்கினார்கள். காகிதத்தில் இது ஒரு விகிதாசாரம். லயத்தில் இதன் பொருள், பக்கத்துக் காம்பராக்காரர் போனால்தான் எனக்கு உரிமை வரும் என்பது. இங்கேயே இருக்க விரும்பிய குடும்பம், போவதற்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தயங்கி நிற்கும் குடும்பத்தைப் பார்த்த பார்வையில் என்ன இருந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கோட்பாடு வேண்டியதில்லை. இரண்டு அரசுகளின் பேரம், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட இரண்டு வீடுகளுக்கு நடுவே வந்து நின்றது.

போகத் தயங்கியவர்களைப் போக வைத்தது பசி. 1973-லும் 1974-லும் இலங்கையில் ஏற்பட்ட கடும் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. ஊர்ப்புறத்துக் குடும்பத்துக்குக் கொஞ்சமாவது நிலமிருந்தது, மரவள்ளி நட இடமிருந்தது. லயத்துக் குடும்பத்துக்குக் கூலியும் பங்கீட்டு அரிசியும் தவிர வேறில்லை. அதே காலத்தில் நிலச் சீர்திருத்தத்தின் கீழ்த் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டதும் பல இடங்களில் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். எழுபதுகளின் நடுப்பகுதியில் கப்பலேறியோர் தொகை உயர்ந்ததற்கு ராஜதந்திரக் காரணம் தேடுவோர், மாவு விலையையும் பார்க்க வேண்டும். பிறகு 1977, 1981, 1983 ஆண்டுகளில் தமிழருக்கு எதிரான வன்செயல்கள். தாயகப் பற்றால் திரும்பினார்கள் என்று அரசுக் கோப்புகள் சொல்லலாம். திரும்பியவர்களுக்குத் தமிழ்நாட்டில் வைத்த பெயரும் "தாயகம் திரும்பியோர்" என்பதே. அவர்களில் பெரும்பாலோர் அந்தத் தாயகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

பயணம் கண்டியில் தொடங்கும். அங்கிருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் வாங்க வேண்டும். பிறகு மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு ரயில். வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் நிலையத்துக்கு நிலையம் கட்டிப்பிடித்து அழுத அந்த ரயிலுக்கு மலையக மக்கள் "ஒப்பாரிக் கோச்சி" என்று பெயர் வைத்தார்கள். தலைமன்னாரிலிருந்து "இராமானுஜம்" என்ற கப்பலில் இராமேசுவரம். ஒப்பந்தம் கையொப்பமானபோது கப்பல் போய்ச் சேர்ந்த துறை தனுஷ்கோடி. இரண்டு மாதம் முடிவதற்குள், 1964 டிசம்பர் புயலில் அந்த ஊரே இல்லாமல் போயிற்று. கரையிறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். காலனிக் காலத்தில் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்த்தடுப்புக்காக அடைத்துவைக்க இலங்கை அரசு நடத்திய முகாம் அது. பாட்டன் போகும்போது தங்கிய அதே இடத்தில் பேரன் வந்து தங்கினான். 1983-க்குப் பின் அதே முகாமுக்கு அகதிகள் வந்தார்கள்.

முகாமில் ஒரு அதிகாரி, குடும்ப அட்டையைப் பார்த்து, யாருக்கு எந்த மறுவாழ்வுத் திட்டம் என்று முடிவு செய்வார். நீலகிரியில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் காடழித்துத் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள், இன்று டேன்டீ எனப்படுபவை, சிலருக்குக் கிடைத்தன. கன்னியாகுமரியிலும், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் ரப்பர் தோட்டங்கள் சிலருக்கு. நூற்பாலை வேலை சிலருக்கு. மற்றவர்களுக்குச் சிறு வணிகக் கடன். 1969-இல் தாயகம் திரும்பியோருக்கென்றே தொடங்கப்பட்ட கூட்டுறவு வங்கிதான் இன்றைய ரெப்கோ வங்கி. கொழுந்து பறிப்பது தவிர வேறெதுவும் செய்து பழகாத ஒருவரிடம் கடையை வைத்துப் பிழைத்துக்கொள் என்று கடன் கொடுத்தால் என்ன நடக்கும்? பணம் தரகரிடம் போயிற்று, குடும்பம் சாலையோரத்துக்குப் போயிற்று. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமைகளாகச் சிக்கிய தாயகம் திரும்பியோர் 1980-களில் மீட்கப்பட்டார்கள்.

இங்கே வந்த பிறகு அவர்கள் "சிலோன்காரர்கள்" ஆனார்கள். கண்டிச் சீமையில் இந்தியன், நீலகிரியில் சிலோன்காரன். பேச்சில் வந்த கோச்சி, காம்பரா, பாண் போன்ற சொற்கள் அவர்களைக் காட்டிக்கொடுத்தன. சாதிச் சான்றிதழ் கேட்டபோது, பூர்வீக ஊரில் விசாரித்து எழுதி வாங்கி வாருங்கள் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் சொன்னார்கள். நூறாண்டுக்கு முன் புறப்பட்ட ஊரில் அவர்களை அறிந்தவர் யார்? மக்களில் பெரும்பகுதியினர் பட்டியல் சாதியினர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த ஒரு காகிதம் கிடைக்காமல் ஒரு தலைமுறையின் படிப்பும் வேலையும் எவ்வளவு பின்தங்கியிருக்கும் என்பது புரியும். தாயகத்துக்குத் திரும்பிய பின்னரே அவர்கள் உண்மையான பொருளில் புலம்பெயர்ந்தோர் ஆனார்கள் என்பது என் கணிப்பு. விட்டுவந்த தோட்டத்தின் பெயரை வைத்து ஒருவரையொருவர் அடையாளம் கண்டார்கள், அதே தோட்டத்தார் குடும்பங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள், இலங்கை வானொலியைக் கேட்டார்கள். இலங்கையில் இருந்தபோது சட்டம் அவர்கள் மீது எழுதிய புலம்பெயர் அடையாளத்தை, இந்தியாவில் அவர்களே எதிர்த்திசையில் வாழ்ந்தார்கள்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சர்வதேச அரசியலில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு, தூதரக மனைவியரையும் தோட்டத் தொழிலாளப் பெண்களையும் அதே சித்திரத்தில் வைத்துக் காட்டியவர் பெண்ணிய அரசியல் ஆய்வாளர் சிந்தியா என்லோ. அந்தக் கேள்வியை இங்கே கேட்டால் விடை உடனே வருகிறது. கொழுந்து பறிப்போர் ஏறத்தாழ எல்லோரும் பெண்கள். அந்நியச் செலாவணி அவர்கள் விரலில் இருந்தது. குடியுரிமையோ தந்தை, பாட்டன், பூட்டன் என்று ஆண்வழியாகவே ஓடியது. 1964-க்குப் பின் விண்ணப்பம் குடும்பத் தலைவர் பெயரில் போனது. கணவன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தால் மனைவியும் அந்தக் கணக்கில் அடங்கினாள், அவளைப் பெற்றவர்கள் இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும். மணமான மகன் ஒரு பட்டியலில், பெற்றோர் மறு பட்டியலில் என்றும் குடும்பங்கள் பிரிந்தன. ஒப்பாரிக் கோச்சியில் அழுகை அவ்வளவு பெரிதாக இருந்ததற்கு இந்தப் பட்டியல்களே காரணம்.

1984-இல் போர் காரணமாகத் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்றது. அதுவரை ஒப்பந்தக் கணக்கில் 3 லட்சத்துக்கும் அதிகமானோரும், ஒப்பந்தத்துக்குப் பின் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் சேர்த்தால் 4 லட்சத்துக்கும் அதிகமானோரும் போயிருந்தார்கள். இந்தியக் கடவுச்சீட்டை வாங்கிவிட்டு, கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் அப்படியே லயத்தில் தங்கிப்போனார்கள்: இலங்கையில் வாழும் இந்தியர், இந்தியாவைப் பார்த்திராத இந்தியர். 1986-இல் இரு அரசுகளும் மறுபடி கணக்குப் பார்த்தன. இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் மொத்தம் 5,06,000 பேர். 1964, 1974 ஒப்பந்தங்களின்படி இந்தியா ஏற்க வேண்டிய 6,00,000-இல் 94,000 குறைகிறது. அந்த 94,000 பேருக்கு இலங்கையே குடியுரிமை வழங்கும் என்று சட்டம் இயற்றினார்கள். மலையகத் தொழிற்சங்கங்களின் ஆதரவு அரசுக்குத் தேவைப்பட்டதும், வடக்கில் போர் நடந்துகொண்டிருந்தபோது மலைநாட்டில் இன்னொரு முனை திறந்துவிடக் கூடாதென்ற அச்சமும் சேர்ந்து இதைச் செய்ய வைத்தன. கடைசியாக 2003-இல் வந்த சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசிக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை தந்தது. எந்த நாளில் பிரித்தார்களோ அந்த நாளையே தகுதிக்கு அளவுகோலாக வைத்தார்கள்.

இதற்குள் "இந்தியத் தமிழர்" என்ற பதிவுப் பெயரை மறுத்து "மலையகத் தமிழர்" என்று தம்மை அழைத்துக்கொள்ளும் தலைமுறை வந்துவிட்டது. 2012 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தப் பழைய பெயரின் கீழ்ப் பதிந்தவர்கள் 8,39,504 பேர்; இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்ட மலையகத்தவர்கள் அதில் இல்லை. 2023-இல் வருகையின் 200-ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள். நடந்தவர்கள் கேட்டது காணி, வீடு, நியாயமான கூலி. இந்தியாவுக்கு வழி கேட்கவில்லை. இந்தியா தன் பங்குக்கு மலையகத்தில் வீடு கட்டித் தருகிறது, உதவித்தொகை வழங்குகிறது. வேண்டாதபோது இலங்கையின் பொறுப்பு என்றும், செல்வாக்குக்குப் பயன்படும்போது நம்மவர் என்றும் ஒரு அரசு பேசுவதை வெளியுறவுக் கொள்கை என்றே சொல்ல வேண்டும். அது முரண்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை, அதன் இயல்பே அதுதான்.

உங்கள் ஆய்வுக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1983-க்குப் பின் படகில் தமிழ்நாட்டுக்கு வந்து முகாம்களில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் மலையகத்தவர்கள். அவர்களில் சிலருடைய குடும்பங்கள் 1964 ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவை. கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியோர். தோணியில் வந்ததால் சட்டவிரோதக் குடியேறிகள். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளோடு நின்றுவிட்டதால் அதிலும் இவர்களுக்கு இடமில்லை. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இத்தகைய 65 பேரின் மனுக்களை விசாரித்து, அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பையும் 1964 ஒப்பந்தத்தின் வாசகத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். பிறகு, ஆவணங்களோடு நிறுத்திவிடாமல், திருச்சி கொட்டப்பட்டு அகதி முகாமிலோ கூடலூர் டேன்டீ குடியிருப்பிலோ மூன்று தலைமுறைக் குடும்பம் ஒன்றின் காகிதங்களை, அவர்கள் இசைந்தால், வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரே குடும்பத்தில் எத்தனை வகை அட்டை இருக்கிறது, ஒவ்வொன்றையும் எந்த ஆண்டில் எந்த அரசு கொடுத்தது, எதை எந்த அலுவலகம் செல்லாது என்றது என்ற விவரம், இரு நாட்டு வெளியுறவு அமைச்சகங்களின் அறிக்கைகளில் உங்களுக்குக் கிடைக்காது.